விடியும்வரை ஒலிக்கும் மேடை: விருதுநகர் வட்டார இசை நாடகத்தில் ஒலி அமைப்பாளரின் பணி

ஆய்வுச் சுருக்கம்

தென்தமிழக ஊர்த்திருவிழாக்களில் நிகழ்த்தப்படும் இசை நாடகம் குறித்த ஆய்வுகள் பனுவல், நடிகர், பாடல் ஆகியவற்றையே பெரிதும் மையமாகக் கொண்டுள்ளன. நடிகரின் குரலைக் கேட்போரிடம் சேர்ப்பிக்கும் ஒலி அமைப்பாளரின் பணி ஆய்வுப் பொருளாக அரிதாகவே கொள்ளப்பட்டுள்ளது. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தை முன்னிறுத்தும் இக்கட்டுரை, அப்பணியின் படிநிலைகளையும் அதற்குள் அடங்கிய கேள்வித்திறனையும் தொழில் வழக்குச் சொற்களையும் விளக்குகிறது. ஒலி மாசு குறித்த சட்ட விதிகள் இப்பணியை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பதையும் ஆராய்கிறது. ஒலி அமைப்பாளர் நிகழ்த்துதலின் பங்காளர் என்பதும், சட்டத்தின் சுமை அவர்மீதே மிகுதியாக விழுகிறது என்பதும் கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: இசை நாடகம், ஸ்பெஷல் நாடகம், ஒலிபெருக்கி, மைக்செட், நிகழ்த்துதல், ஒலி மாசு விதிகள், சிவகாசி

முன்னுரை

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கல், இருக்கன்குடி மாரியம்மன் கோவில் ஆடித் திருவிழா போன்ற பெருவிழாக்கள் இம்மாவட்டத்தின் அடையாளங்கள். இவற்றோடு ஒவ்வொரு சிற்றூரிலும் பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் கொடைவிழாக்களும் பொங்கல் விழாக்களும் நடைபெறுகின்றன. மெல்லிசைக் கச்சேரி, கரகாட்டம், பட்டிமன்றம் ஆகியவற்றுடன் இசை நாடகமும் இவ்விழா மேடைகளில் இடம்பெறும். இந்நிகழ்ச்சிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒலிபெருக்கி. நடிகரும் பாடகரும் ஆண்டுதோறும் மாறுவர். ஊருக்கு ‘மைக்செட்’ கட்டுபவரோ பெரும்பாலும் அதே வட்டாரத்தவராக இருப்பார்.

ஒலிபெருக்கியின் பண்பாட்டுப் பங்கு ஆய்வுலகில் முற்றிலும் கவனிக்கப்படாத பொருளாக இருந்ததில்லை. தமிழ்ச் சிற்றூர் ஒன்றில் ஒலிநாடாக்களை ஒலிபெருக்கியில் இசைப்பதே ஒரு வழிபாட்டு நிகழ்த்துதலாக அமைவதைப் பால் கிரீன் 1999ஆம் ஆண்டில் ‘எத்னோமியூசிக்காலஜி’ இதழில் எழுதிய கட்டுரையில் விளக்கியுள்ளார். ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் சுமக்கும் சமூக இழிவு குறித்து சூசன் சைசரின் நூல் 2005இல் வெளிவந்தது. இவ்விரு ஆய்வுகளும் சந்திக்கும் புள்ளியான நேரடி நாடகத்தின் ஒலிப்பணியே இக்கட்டுரையின் ஆய்வெல்லையாகக் கொள்ளப்படுகிறது.

1. ஒலிபெருக்கிக்கு முந்தைய மேடைக்குரல்

இசை நாடக மரபை நெறிப்படுத்தியவர் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். அக்கால மேடையில் நடிகரின் தலையாய தகுதி, கொட்டகையின் கடைசி வரிசைவரை எட்டும் குரல். ஆர்மோனியத்தின் சுருதியைக் ‘கட்டை’ என்னும் அலகால் குறிக்கும் வழக்கப்படி, ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும் ஆண்குரல் பெருமதிப்புப் பெற்றது. செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவின் (1906–1933) புகழுக்கு இத்தகைய உச்சக்குரல் முதன்மைக் காரணம்.

உச்சக்குரல் விரும்பப்பட்டதற்கு அழகியற் காரணத்தோடு ஒலியியற் காரணமும் உண்டு. மனிதச் செவி ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை மிக நுட்பமாக உணரும். உயர்ந்த சுருதியில் அழுத்திப் பாடும் குரலில் இப்பகுதியின் வலிமை கூடுகிறது. ஆகவே, கூட்டத்தின் இரைச்சலை மீறி அக்குரல் தெளிவாகக் கேட்கும். ஒலிபெருக்கி இல்லாத மேடைக்கு நடிகரின் தொண்டையே கருவியாக இருந்தது.

சிவகாசியில் 1886இல் பிறந்த தியாகி விசுவநாததாஸ் இம்மரபில் உருவானவர். முருகன் வேடத்திலேயே தேசியப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் நாடக அரங்கில் ‘வள்ளி திருமணம்’ நிகழ்ந்துகொண்டிருந்தபோது மேடையிலேயே உயிர் நீத்தார். இன்று பட்டாசு வெடியோசையால் அறியப்படும் ஊர், ஒருகாலத்தில் ஆட்சியாளர் அஞ்சிய ஒரு மேடைக்குரலைத் தந்தது என்பது இவ்வட்டார ஒலி வரலாற்றில் நினைக்கத்தக்கது.

2. ஒலிபெருக்கியின் வருகையும் தொழில் வழக்கும்

இந்தியப் பொதுக்கூட்டங்களில் ஒலிபெருக்கி பரவியதில் விடுதலை இயக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. காந்தியடிகள், நேரு ஆகியோர் உரையாற்றும் பழைய ஒளிப்படங்களில் ஒலிவாங்கியின்மேல் ‘சிக்காகோ ரேடியோ’ என்னும் நிறுவனப் பெயரைக் காணலாம். பின்னர் ‘அகுஜா’ போன்ற உள்நாட்டு நிறுவனங்களின் பெருக்கிகள் சிற்றூர்வரை பரவின. அரசியல் மேடைக்கும் திரைப்படப் பாடலுக்கும் பயன்பட்ட அதே கருவிகள் நாடக மேடைக்கும் வந்தன.

இத்தொழிலைக் குறிக்கும் சொற்கள் மொழியாய்வுக்கு உரியவை. தென்மாவட்டங்களில் முழுத்தொகுதியையும் ‘ரேடியோ செட்’ அல்லது ‘மைக்செட்’ என்பர். கூம்பு வடிவ ஒலிபெருக்கி ‘குழாய்’ எனப்படும். அதன் பின்புறம் திருகப்படும் ஒலியெழுப்பும் பகுதி ‘யூனிட்’. மரப்பெட்டியில் அமைந்த ஒலிபெருக்கி ‘பாக்ஸ்’. பெருக்கியை ‘ஆம்ப்ளி’ என்று சுருக்கி வழங்குவர். ஒலிவாங்கி ‘கத்துகிறது’, ‘ஊளையிடுகிறது’, ‘இரைகிறது’ என உயிருள்ளவற்றின் வினைகளால் கருவியின் கோளாறுகள் வேறுபடுத்தப்படுகின்றன. உயர் அதிர்வெண்ணில் எழும் பின்னூட்டம் ஊளை; மின்கம்பி இணைப்புக் கோளாற்றால் எழும் தாழ்ந்த முரல்வு இரைச்சல். ஒலியியல் அறிவு அன்றாடத் தமிழில் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டுள்ளது என்பதை இச்சொற்கள் காட்டுகின்றன.

குறிப்பிடத்தக்க மற்றொன்று ‘கட்டு’ என்னும் வினை. ‘மைக்செட் கட்டுதல்’, ‘குழாய் கட்டுதல்’ என்பன வழக்கு. தோரணம் கட்டுதல், காப்புக் கட்டுதல், வேடம் கட்டுதல் என்னும் தொடர்களில் பயிலும் அதே வினை இது. விழாவைத் தொடங்கிவைக்கும் செயல்களின் வரிசையில் ஒலிபெருக்கி அமைப்பதையும் மொழி சேர்த்துக்கொண்டுள்ளது எனலாம். குழாய் கட்டிப் பாட்டு ஒலிக்கத் தொடங்கிய பின்னரே ஊரில் விழா தொடங்கியதாக மக்கள் உணர்கின்றனர்.

3. ஒத்திகையற்ற மேடை

ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பு ஒலி அமைப்பாளரின் பணியைக் கடினமாக்குகிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் ஆகிய பாத்திரங்களுக்குரிய நடிகர்கள் நிலையான குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் அந்த ஓர் இரவுக்கெனத் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்படுகின்றனர். முன்னொத்திகை கிடையாது. பொதுவான கதையறிவும் பாடல் மரபுமே அவர்களை ஒன்றிணைக்கின்றன.

நகர அரங்கில் நிகழும் இசைக்கச்சேரிகளில் ஒவ்வொரு கருவியையும் குரலையும் முன்கூட்டியே இசைக்கச்செய்து அளவு குறிப்பது வழக்கம். ஸ்பெஷல் நாடகத்தில் மாலையில் ஒலி அமைப்பாளர் சோதிப்பது தம் குரலையும் ஒலிநாடா அல்லது கைப்பேசிப் பாடலையும்தான். ஆர்மோனியம், மிருதங்கம், ‘ஆல்ரவுண்ட்’ எனப்படும் தாள ஒலிக்கருவித் தொகுதி ஆகியவை நாடகம் தொடங்கும் வேளையில்தான் முழுமையாகக் கேட்கக் கிடைக்கும். நடிகரின் குரலளவை அவர் மேடைக்கு வந்து முதல் அடியைப் பாடும்போதே அறிய வேண்டும். இரண்டாம் அடிக்குள் அளவு சரிசெய்யப்பட வேண்டும். நடிகர்கள் ஒருவர்க்கொருவர் மேடையிலேயே இசைந்துகொள்வதுபோல ஒலி அமைப்பாளரும் அதே கணத்தில் இசைந்துகொள்கிறார்.

அந்த இசைவுக்கு அடிப்படை, பாத்திரங்களின் வரிசையை அறிந்திருத்தல். முதலில் வரும் பபூன் கூட்டத்தோடு நேரடியாகப் பேசுவார். அவர் பேச்சில் சொல் தெளிவு முதன்மை. டான்ஸ் பாத்திரத்தோடு நிகழும் நகைச்சுவைப் பகுதியில் அடி விழும் ஓசை, விழுதல், ஓடுதல் ஆகியவற்றை ஆல்ரவுண்ட் கலைஞர் ஒலியால் காட்டுவார்; அக்கருவிக்குரிய ஒலிவாங்கி அப்போது உயர்த்தப்பட வேண்டும். வள்ளிக்கும் நாரதருக்கும் இடையிலான தர்க்கத்தில் இரு குரல்களும் சம அளவில் ஒலிக்க வேண்டும். ஒருவர் குரல் ஓங்கினால் கேட்போர் அவரே வாதில் வென்றதாகக் கொள்வர். ஆதலின், தர்க்கத்தின் நடுநிலையைக் காப்பதில் ஒலி அமைப்பாளரின் விரல்களுக்கும் பங்குண்டு.

4. ஒலிவாங்கியும் ஊளையும்

மேடையின் முன்விளிம்பில் நிறுத்தப்பட்ட அல்லது மேலிருந்து தொங்கவிடப்பட்ட சில ஒலிவாங்கிகளே நெடுங்காலம் நாடகத்துக்குப் பயன்பட்டன. அவை நடிகரின் அசைவையும் வரையறுத்தன. ஒலி மூலத்துக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தொலைவு இருமடங்கானால் பெறப்படும் நேரடி ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். நடிகர் அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு விலகினால் இழப்பு 12 டெசிபல். இதை ஈடுசெய்யப் பெருக்கியின் அளவைக் கூட்டினால் ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்து சுழன்று ஊளையாகிறது. பாடல்களை நடிகர் மேடை முன்விளிம்புக்கு வந்து, கூட்டத்தை நோக்கி நின்று பாடும் வழக்கம் வலுப்பெற்றதில் இந்த நெருக்கடிக்கும் பங்கு இருக்கலாம்.

திறந்திருக்கும் ஒலிவாங்கிகளின் எண்ணிக்கை இருமடங்காகும்போது, ஊளையின்றி ஒலியை உயர்த்தும் வாய்ப்பு ஏறத்தாழ 3 டெசிபல் குறைகிறது. ஆகவே, மேடையில் நான்கு ஒலிவாங்கிகள் இருந்தாலும் பேசுபவருக்குரிய ஒன்றை மட்டும் உயர்த்தி, ஏனையவற்றைத் தாழ்த்திவைப்பதே நல்ல முறை. இது எளிய விதியாகத் தோன்றலாம். ஆனால் எழுதப்பட்ட பனுவல் இல்லாத உரையாடலில் அடுத்துப் பேசப்போவது யார் என்பதை முன்கூட்டியே உணர்ந்தால்தான் அதைப் பின்பற்ற முடியும். ஆர்மோனியக் கலைஞர் சுருதி பிடிக்கும் கணம், நடிகர் மூச்சிழுக்கும் கணம், எதிர்நிற்பவர் ஒலிவாங்கியை நோக்கி நகரும் கணம் ஆகியவை அவருக்குக் குறிப்புகள். மேடைக்கு அருகில், நடிகரைப் பார்க்கத்தக்க பக்கவாட்டில் அவர் அமர்வதன் காரணம் இதுவே.

அந்த இருக்கைக்கு ஒரு குறையும் உண்டு. கூட்டம் கேட்பதை அவர் கேட்க முடியாது. நகர அரங்குகளிலும் இசைவிடுதிகளிலும் கலவைப்பலகை கேட்போர் நடுவில் வைக்கப்படும். ஊர்மேடையில் கம்பிகளின் நீளமும் கருவிகளின் பாதுகாப்பும் அதற்கு இடம் தருவதில்லை. எனவே உதவியாளர் ஒருவர் கூட்டத்தின் பின்புறம் சென்று கேட்டுக் கையசைவால் கூட்டவோ குறைக்கவோ சொல்லுவார்.

5. இருவகைக் கேட்போர்

ஊர் நாடகத்துக்குக் கேட்போர் இருவகையினர். மேடைமுன் பாய்விரித்து அமர்ந்தவர்கள் ஒருவகை. வீட்டுத் திண்ணையிலும் அடுத்த தெருவிலும் இருந்து கேட்பவர்கள் மறுவகை. மேடையின் இருபுறமும் நிற்கும் பெட்டிகள் முன்னவர்க்கும், கம்பங்களில் கட்டிய குழாய்கள் பின்னவர்க்கும் உரியன.

குழாயின் வடிவம் குறைந்த மின்திறனில் நெடுந்தொலைவுக்கு ஒலியைச் செலுத்த ஏற்றது. ஆனால் தாழ்ந்த அதிர்வெண்களை அதனால் எழுப்ப இயலாது. மிருதங்கத்தின் தொப்பி ஓசை குழாயில் மறைந்துவிடும். வலந்தலை ஓசையும் மெய்யெழுத்துகளின் கூர்மையும் எஞ்சும். பெட்டியில் கேட்பவரும் குழாயில் கேட்பவரும் ஒரே நாடகத்தை வெவ்வேறு நிறத்தில் கேட்கின்றனர்.

காலத்தாழ்வு மற்றொரு சிக்கல். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். கம்பியில் மின்குறிகை உடனுக்குடன் சென்றுவிடும். மேடையிலிருந்து 100 மீட்டர் தொலைவில் உள்ள குழாயின் அருகே நிற்பவர் அக்குழாயின் ஒலியை முதலில் கேட்பார். மேடையிலிருந்து காற்றில் வரும் ஒலி ஏறத்தாழ 0.3 நொடி பிந்தி வரும். இயல்பான தமிழ்ப் பேச்சில் ஓரிரு அசைகளுக்குரிய நேரம் அது. இதனால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து மங்குகின்றன. பெருநகர அரங்குகளில் தொலைவிலுள்ள ஒலிபெருக்கிகளுக்கு மின்னணுக் கருவியால் தாமதம் புகுத்துவர். அவ்வசதி இல்லாதவிடத்துக் குழாய்களை மேடைக்கு எதிர்ப்புறமாக, ஊரின் வெளிப்பக்கம் நோக்கித் திருப்பிக் கட்டுவது மாற்றுவழி. எத்திசையில் குழாய் திரும்புகிறது என்பதில் ஒலியியலோடு ஊர் எல்லை பற்றிய உணர்வும் கலந்திருக்கிறது. தம் தெருவுக்குக் குழாய் கட்டப்படவில்லை என்னும் மனக்குறை விழாக்காலத்தில் புதிதன்று.

6. சட்டமும் இரவும்

இசை நாடகம் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடப்பது மரபு. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000, இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. இரு கால எல்லைகளும் ஏறத்தாழ முழுமையாக ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவது இக்கலையின் இன்றைய நெருக்கடி. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். இத்தளர்வு செல்லும் என உச்ச நீதிமன்றம் 2005 அக்டோபரில் தீர்ப்பளித்தது. எனினும், நள்ளிரவுக்குப் பின் நாடகத்தின் செம்பாதிக்கும் மேல் எஞ்சியிருக்கும்.

மூடிய அரங்குகளுக்குள் கேட்போர்க்கென ஒலிபெருக்கியைப் பயன்படுத்த இவ்விரவுத் தடை பொருந்தாது. நகர இசைவிடுதியில் நள்ளிரவில் நிகழும் கச்சேரியும் ஊர்ப்பொட்டலில் நிகழும் நாடகமும் இதனால் வெவ்வேறு நிலையை அடைகின்றன. சுவரும் கூரையும் உள்ள கலைக்கு இரவு கிட்டுகிறது; வானத்தின் கீழ் நிகழும் கலைக்கு அது கிட்டுவதில்லை.

அளவு குறித்த விதியும் உண்டு. குடியிருப்புப் பகுதியில் சூழல் ஒலிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரையறுக்கப்பட்டுள்ளது. பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கியின் அளவு, அப்பகுதிக்குரிய வரையறையைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டலாகாது. குடியிருப்புப் பகுதியில் பகல் எல்லை 65 டெசிபல் என்றாகிறது. ஒருவர் உரத்துப் பேசும் குரல் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 70 டெசிபல் இருக்கும் என்பதோடு இதை ஒப்பிடலாம்.

சிவகாசி வட்டாரத்துக்கு இவ்விடத்தில் தனிப்பொருத்தம் உண்டு. அங்கு ஓசை ஓர் உற்பத்திப் பொருள். அதற்கும் அளவுகோல் உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் பட்டாசுகளின் உற்பத்தியும் விற்பனையும் தடைசெய்யப்பட்டுள்ளன. திறந்தவெளியில் தொலைவு இருமடங்காகும்தோறும் 6 டெசிபல் குறையும் என்று கொண்டால், அந்த உச்ச அளவு 64 மீட்டரில் ஏறத்தாழ 101 ஆகும். பட்டாசின் ஒலி கணநேரத் தாக்கொலி. நாடகத்தின் ஒலி தொடரொலி. அளக்கும் முறையும் வேறாதலால் இரண்டையும் எண்ணளவில் நேராக ஒப்பிடலாகாது. ஆயினும், 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரே தீர்ப்பு பட்டாசையும் ஒலிபெருக்கியையும் சேர்த்தே ஆராய்ந்து, இரண்டுக்கும் இரவு 10 மணி என்னும் எல்லையை வலியுறுத்தியது. அமைதியான உறக்கத்துக்குரிய உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பில் அடங்கியது என்பது அதன் அடிப்படை. நோயாளர், குழந்தைகள், தேர்வுக்குப் படிக்கும் மாணவர் ஆகியோரின் நலன் கருதினால் இவ்வடிப்படையை மறுப்பதற்கில்லை.

அத்தீர்ப்பு, அளவை மீறும் ஒலிபெருக்கிகளையும் பெருக்கிகளையும் பறிமுதல் செய்ய மாநிலங்கள் வகைசெய்ய வேண்டும் என்றும் பணித்தது. இதன் விளைவு ஒலி அமைப்பாளரை நேரடியாகத் தாக்குகிறது. ஒலியளவைக் கூட்டச் சொல்பவர்கள் விழாக் குழுவினரும் கேட்போரும். நாடகத்தைத் தொடரச் சொல்பவர்களும் அவர்களே. பறிபோகக்கூடிய கருவியோ ஒலி அமைப்பாளருடையது. முடிவெடுக்கும் உரிமை மிகக் குறைவாக உள்ளவரிடம் இழப்பின் வாய்ப்பு மிகுதியாக உள்ளது.

உடல்நலமும் கருதத்தக்கது. 85 டெசிபல் ஒலியில் எட்டு மணிநேரம், 88இல் நான்கு மணிநேரம் என, ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும் என்பது பணியிடச் செவிநலத்துக்கு அமெரிக்கத் தேசிய நிறுவனம் பரிந்துரைக்கும் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் இசை அரங்குகளுக்கெனப் பரிந்துரைத்த நெறிகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபல் என்னும் மேலெல்லை, ஒலியளவைக் கண்காணித்தல், செவிப் பாதுகாப்பு, பணியாளர் பயிற்சி ஆகியவை உள்ளன. பெட்டிகளின் அருகே இரவு முழுவதும் அமரும் ஊர் ஒலி அமைப்பாளருக்கும் இவை பொருந்துவன.

7. இருக்கும் வழிகள்

தொழில்நுட்பம் இம்முரணின் ஒரு பகுதியைத் தீர்க்கும். ஒரு பெரிய மூலத்திலிருந்து உரத்துச் செலுத்துவதைவிட, கேட்போர் அருகே பல சிறு பெட்டிகளை வைத்து ஒவ்வொன்றையும் தாழ்ந்த அளவில் ஒலிக்கச் செய்தால், கேட்போர்க்குத் தெளிவு கூடும். ஊர் எல்லையில் ஒலி குறையும். பெட்டிகளை வீடுகள் இல்லாத திசை நோக்கி அமைப்பது, நள்ளிரவுக்கு முன்பே குழாய்களின் இணைப்பைத் துண்டித்துப் பெட்டிகளை மட்டும் இயக்குவது ஆகியனவும் அளவைக் குறைக்கும். ஆனால் இரவு விதி அளவைப் பாராது நேரத்தையே பார்க்கிறது. எவ்வளவு தாழ்ந்து ஒலித்தாலும் திறந்தவெளி ஒலிபெருக்கி அந்நேரத்தில் விதிமீறலே. ஆதலின் நாடகத்தை முன்மாலையில் தொடங்கி நள்ளிரவுக்குள் சுருக்கி முடிப்பது விதிக்கு இசைந்த வழியாகிறது. அவ்வாறு சுருக்கும்போது எப்பகுதி கைவிடப்படுகிறது என்பது நாடக ஆய்வாளர் கவனிக்க வேண்டிய வினா. பபூன் பகுதி கூட்டத்தைச் சேர்ப்பது. அதனைக் குறைக்க விழாக் குழு இசைவதரிது. நீண்ட தர்க்கங்களும் விருத்தங்களுமே சுருங்கும் வாய்ப்பு மிகுதி. சங்கரதாஸ் மரபின் இலக்கியச் செறிவு தங்கியிருப்பது அப்பகுதிகளில்தான்.

முடிவுரை

ஒலி அமைப்பாளரின் பணி, கருவியை வாடகைக்குத் தருவதோடு முடிவதில்லை. ஒத்திகையற்ற மேடையில் அடுத்துப் பேசுபவரை முன்னுணர்தல், தர்க்கத்தில் இரு குரல்களையும் சமன்செய்தல், தாளத்தையும் சொல்லையும் தத்தம் இடத்தில் நிறுத்துதல், இருவகைக் கேட்போர்க்கும் நாடகத்தைச் சேர்ப்பித்தல் ஆகியவை நாடகப் பயிற்சியின்றி இயலாதவை. அவர் நாடகத்தின் முதற்கேட்பாளர். அவர் கேட்டபடியே ஊர் கேட்கிறது.

இத்துறையில் மூன்று பணிகள் உடனடித் தேவையாகின்றன. முதலாவது, மைக்செட் தொழில் வழக்குச் சொற்களை வட்டார வாரியாகத் தொகுத்து அகராதியாக்குதல். குழாய்கள் வழக்கொழிந்து மின்னணுக் கலவைப்பலகைகள் பரவும்போது இச்சொற்களும் மறையக்கூடும். இரண்டாவது, மூத்த ஒலி அமைப்பாளர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்தல். மூன்றாவது, நாடக இரவுகளில் மேடைமுன்பும் ஊர் எல்லையிலும் ஒலியளவை அளந்து ஆவணப்படுத்துதல். அனுமதி, நேரம் பற்றிய பேச்சில் ஊராரின் உறக்கமும் கலையின் தொடர்ச்சியும் எதிரெதிராக நிறுத்தப்படுகின்றன. அளவீடுகள் கைவசமிருந்தால், இரண்டுக்கும் இடமளிக்கும் ஏற்பாட்டை ஊரும் அரசும் கலைஞரும் சேர்ந்து ஆராய வழி பிறக்கும்.